வேப்பமரத்தடியில் நின்றுவிடுகிற குதிரை

போன வெள்ளிக்கிழமை ஒரு குதிரையைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன்.

என் குதிரை அது. அதாவது... என் குதிரையாக இருந்தது.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குச் செவலையைத் தெரிந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அரியலூரில் ரயில்வே துரை ஒருவரிடம் குதிரைக்காரனாக இருந்தேன். யுத்தம் வந்தது. துரைக்கு மாற்றல் வந்தது. போகும்போது செவலையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். மட்டக்குதிரை. பெட்டை. உடம்பு செங்கல் நிறம். நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று.

அப்புறம் நான் பேப்பர் ஏஜெண்ட் ஆனேன். ஸ்டேஷனில் கட்டு இறங்கும். செவலை மேல் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. செவலை வந்துவிடும். உங்கள் கையில் இருக்கிற இதே பத்திரிகை கீழப்பழுவூர்ப் பக்கம் அதன் முதுகில்தான் வந்துகொண்டிருந்தது.

போன வருஷம் மழை பொய்த்தது. புல் இல்லை. கொள்ளு கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் எனக்குக் கொடுக்கவில்லை. செவலைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. வைக்கோல் போர் இருக்கிற வீடாகப் பார்த்து விற்றேன்.

அவ்வளவுதான். அதைப் பற்றி அதற்குமேல் எனக்குச் சொல்ல வராது.

இப்போது சைக்கிள் வைத்திருக்கிறேன். சைக்கிளுக்குக் கொள்ளு வேண்டாம். ஆனால் காலையில் பக்கத்தில் போனால் அது தலையைத் தூக்கிப் பார்க்காது. பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

செவலையை வாங்கியவர் ஒரு பண்ணை வீட்டு வாலிபர். சின்னையா என்போம். ஊர்ப் பெயர் வேண்டாம். கீழப்பழுவூர் போகிற வழியில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனுஷர். வீட்டில் கார் உண்டு. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த பிறகு கார் கொட்டகையில் தூங்குகிறது. அதில் கோழி முட்டையிடுகிறது.

இப்போது சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர் இப்படித்தான் குதிரைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். பெரம்பலூரில், குரும்பலூரில், எங்கே போனாலும் யாராவது கையைப் பிடித்து நிறுத்துகிறார்கள். "ஏம்ப்பா, நம்ம குதிரை ஒரு மாதிரி இருமுது, என்னன்னு பாரேன்." காரை வாங்குகிற மாதிரி வாங்கிவிடுகிறார்கள். வேண்டும்போது எடுக்கலாம், வேண்டாதபோது நிறுத்திவிடலாம் என்று நினைப்பு. குதிரை நிறுத்திவைக்கிற சாமானா? நாலு நாள் கட்டுத்தறியிலேயே நின்றால் அதற்குக் காலும் வீங்கும், மனசும் வீங்கும்.

வாங்கும்போது சுழி பார்க்கிறார்கள். நெற்றியில் என்ன சுழி, மார்பில் என்ன சுழி... ஜோசியர்கூட வருகிறார். குளம்பைத் தூக்கிப் பார்க்கிறவர் ஒருத்தரும் இல்லை. முதுகில் கை வைத்துப் பார்க்கிறவரும் இல்லை. சுழியிலா ஏறி உட்காரப் போகிறோம்?

சின்னையா அப்படி இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகினார். நான் வெள்ளிக்கிழமை பேப்பர் கொடுக்கப் போனால், அப்படியே பின்வாசல் வழியாகக் களத்துக்கு வரச் சொல்வார். எனக்கும் அது வசதிதான். பேப்பர் ஒரு சாக்கு.

முதல் நாள் கையில் சவுக்கோடு நின்றார்.

"இது எதுக்குங்க சின்னையா?"

"குதிரைன்னா சவுக்கு வேணாமா?"

"ஆணியில மாட்டி வைங்க. சுவத்துக்கு நல்லா இருக்கும்."

சிரித்தார். மாட்டினார். இன்றுவரை அது அங்கேதான் தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குதிரையிடம் பின்பக்கமாகப் போகாதீர்கள். இடது தோள் பக்கமாகப் போங்கள். போகும்போதே ஏதாவது பேசிக்கொண்டு போங்கள். என்ன பேசுகிறோம் என்பது அதற்கு வேண்டாம். வருகிறது யார் என்று தெரிந்தால் போதும். கையை நீட்டினால் முகர்ந்து பார்க்கும். பார்க்க விடுங்கள். அவசரப்படாதீர்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டில் நாம் மட்டும்தான் பார்க்கிறோமா?

சேணம் போடுமுன் முதுகைக் கையால் தடவுங்கள். கம்பளத்தில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும். உங்களுக்கு அது சுருக்கம். அதற்குப் புண். வாரை ஒரேயடியாக இறுக்கவேண்டாம். கொஞ்சம் இறுக்கி, நாலடி நடத்தி, மறுபடி இறுக்குங்கள். ஏறுமுன் நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். நம் பக்கத்துச் சரளைக் கல் லாடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெறுங்காலால் முள் மேல் நடந்தவனுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

தீனி கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. புல்தான் சாப்பாடு. கொள்ளு பலகாரம். ஊறவைத்த கொள்ளு. பணக்கார வீட்டுக் குதிரை பட்டினியால் சாகாது. பாசத்தால் சாகும். சின்னையா வீட்டிலும் அப்படித்தான் ஆகப் பார்த்தது.

"வெல்லம் குடுத்தேன் வீரா. ஆசையா தின்னுது."

"எவ்வளவுங்க?"

"ஒரு உருண்டை."

"எத்தாம் பெரிய உருண்டைங்க?"

கையை விரித்துக் காட்டினார். தேங்காய் அளவு.

"சின்னையா, அது குதிரைங்க. கல்யாணப் பந்தி இல்லைங்க."

அதோடு வெல்லம் நின்றது. விரல் நகம் அளவுக்கு வந்தது.

ஏறி உட்காரவும் ரொம்ப நாள் ஆயிற்று. முதலில் நெல் மூட்டை மாதிரி உட்கார்ந்தார். தன்னை ஓர் உயிர் சுமக்கிறது என்று மூட்டைக்குத் தெரியுமா? லகானைப் பிடித்துத் தொங்கினார். "அது கயித்துல கட்டுன வாளி இல்லைங்க, அதுக்கு வாயி இருக்குங்க" என்றேன். நாளாக நாளாகக் கை இளகியது. இடுப்பு குதிரையோடு போக ஆரம்பித்தது. ஒரு நாள் களத்தைச் சுற்றி ஓடிவந்து நிறுத்தினவர் கண்ணெல்லாம் தண்ணீராக இருந்தது. காற்றுதான். ஆனாலும் முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது.

"வீரா, இது இப்படி இருக்கும்னு நீ சொல்லவே இல்லியே!"

"சொன்னா வாங்கியிருக்க மாட்டீங்க. பொய்யின்னு நெனைச்சிருப்பீங்க."

அன்றைக்கு வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பும்போது மருதையாறு வரைக்கும் எதுவும் நினைக்காமல் மிதித்தேன். ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளும்போதுதான் நினைத்தேன். இந்த இடத்தில் செவலை தலையை ஆட்டும். மணல் பிடிக்காது. "ஆமா, இது உனக்குன்னு போட்ட ரோடு, பேசாம வா" என்பேன். வரும்.

சைக்கிளிடம் யார் பேசுவது?

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் சின்னையா செவலையை ரோட்டில் இறக்கினார். பின்வாசல் வழியாக வயல் தடத்தில் இறங்கி, அரியலூர் போய்விட்டு, திரும்பும்போது ஊர்த் தெரு வழியாக வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆசை. யாருக்குத்தான் இருக்காது? குதிரை வாங்குவதே நாலு பேர் பார்க்கத்தானே.

தெரு முனையில் ஒரு வேப்பமரம். அதன் கீழே வந்ததும் செவலை நின்றுவிட்டது.

தட்டினார். நகரவில்லை. கெஞ்சினார். நகரவில்லை. கிணற்றடியில் இருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் இறங்கி, லகானைப் பிடித்து இழுத்தார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் பின்னால் ஆட்டுக்குட்டி மாதிரி நடந்து வந்தது.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. ரோட்டில் எங்கேயும் நிற்காத குதிரை அந்த வேப்பமரத்தடியில் மட்டும் நின்றது. அவர் இறங்கினால்தான் நடந்தது.

ஊர் சும்மா இருக்குமா? வேப்பமரத்தில் முனி இருக்கிறது, குதிரைக் கண்ணுக்குத் தெரிகிறது என்றார் ஒருவர். மரத்தில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். அய்யனார் குதிரை மேல்தானே வருகிறார், அவருக்கு ஒரு மண் குதிரை நேர்ந்துகொள் என்றார் இன்னொருவர். நேர்ந்துகொண்டார்கள். மண் குதிரை போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. செவலைதான் சேரவில்லை.

சின்னையாவுக்கு ஒரு தாய்மாமா உண்டு. அந்த வீட்டில் பெரிய மனுஷர். அவர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "சுழி சரியில்லாத குதிரை. மருமவனை ஊரு சிரிக்க வைக்குது. வித்துத் தொலைக்கணும்." திருச்சியிலிருந்து ஒரு தரகரை வரச்சொல்லிவிட்டார். ஜட்கா ஸ்டாண்டுக்குக் குதிரை பிடிக்கிற தரகர்.

ஜட்கா ஸ்டாண்ட் குதிரைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் எழுதவேண்டாம்.

இந்த ஒரு மாதமாகப் பேப்பரை வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள், களத்துக்குக் கூப்பிடவில்லை. தரகர் வருகிற அன்றைக்குத்தான் சின்னையா எனக்கு ஆள் அனுப்பினார். "கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போகச் சொன்னாரு" என்றான் வந்தவன். குதிரைக்கு என்ன என்று பார்க்கவா, குதிரையைப் பார்த்துவிட்டுப் போகவா? கேட்கவில்லை. சைக்கிளை எடுத்தேன்.

போனபோது வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. சின்னையா பக்கத்தில் லகானைப் பிடித்துக்கொண்டு நின்றார். தரகர் வேரின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மாமா குடையோடு நின்றார். செவலை காதை என் பக்கம் திருப்பியது. நான் இன்னும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. எப்படித் தெரிந்ததோ.

கிட்டே போனேன். மூக்கை என் தோளில் வைத்தது. வைத்து, அப்படியே வைத்திருந்தது.

அப்போதுதான் அதன் வாயைப் பார்த்தேன். கடைவாய் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. முள் வைத்த கடிவாளம். சின்னையா தரையைப் பார்த்தார்.

"நான் போடல வீரா. மாமா..."

"நான்தான் போட்டேன்," என்றார் மாமா. "சவுக்குக்கு நவரல. முள்ளு குத்துனாவாவது நவருதான்னு பாத்தேன். அதுக்கும் நவரல. மாடு தேவலாம்."

பழைய கடிவாளத்தை எடுத்துவரச் சொன்னேன். மாற்றினேன். வாயைத் தண்ணீரால் கழுவினேன். அதற்குள் தரகர் எழுந்துவந்து பல்லைப் பார்த்தார்.

"வயசு இருக்கு. ஓடும்," என்றார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலு குளம்பும் சுத்தம். லாடம் உறுதி. முதுகில் புண் இல்லை. வார் பட்ட இடத்தில் தடிப்பு இல்லை. கண் நன்றாக இருக்கிறது. மரத்தைச் சுற்றி வந்தேன். குழி இல்லை, பாம்புப் புற்று இல்லை, மிரள ஒன்றுமே இல்லை. அதுவும் மிரண்ட குதிரை மாதிரி நிற்கவில்லை. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, சும்மா நின்றது. யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிற மாதிரி.

"என்னப்பா?" என்றார் சின்னையா.

"தெரியலைங்க."

நிஜமாகவே தெரியவில்லை. குதிரைக்காரன் என்று பெயர்தான். வாராவாரம் உங்களுக்கு எழுதுகிறேன். என் குதிரை ஏன் நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

"கொஞ்சம் நடத்திப் பாக்குறேங்க," என்றேன். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். லகானைப் பிடித்து நடந்தேன். செவலை கூடவே வந்தது. தலையைத் தாழ்த்தி, என் வேகத்துக்குத் தன் வேகத்தை வைத்து. நொண்டுகிறதா என்று காதால் கேட்டுக்கொண்டே போனேன். நாலு காலும் ஒரே சீர். சின்னையாவும் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். தெருவின் மறு முனையில் ஒரு பிள்ளையார் கோயில். அங்கே போனதும், நான் நிறுத்தாமலே செவலை நின்றது. இடது பக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியா, இங்கயும் நிக்குது!" என்றார் மாமா. "முழுப் பைத்தியம்."

திரும்பிச் சின்னையா வீட்டு வாசலுக்கு வந்தோம். நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டேன். தரகர் தாம்புக் கயிற்றை உதறினார்.

அப்போது ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

"வீரா, நீ அங்கதானே எறங்குவ?"

சின்னையாவின் அக்கா. கோமதி அம்மாள். புருஷன் தவறிய பிறகு பிறந்த வீட்டோடு இருக்கிறவர். வெளியே வந்து நான் பார்த்ததில்லை. என் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம் வரை படிக்கிறவர் என்று வேலைக்காரப் பெண் சொல்லியிருக்கிறாள்.

எனக்குப் புரியவில்லை. "என்னங்கம்மா?"

"வெள்ளிக்கிழமைன்னா பேப்பர் எப்ப வரும்னு அந்த வேப்பமரத்தையேதான் பாத்துக்கிட்டு இருப்பேன். நீ வருவ. துண்டை எடுத்து இடுப்புல கட்டுவ. எறங்குவ. குதிரையைப் பிடிச்சிக்கிட்டு நடந்து வருவ. புள்ளையார் கோயில் தாண்டித்தான் ஏறுவ. ஒரு வாரம் தப்பாது."

தரகர் கயிற்றை உதறுவதை நிறுத்தினார்.

"அதைத்தான் அது செய்யுது," என்றார் கோமதி அம்மாள். "ஆளு எறங்கட்டும்னு நிக்குது."

எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் எதன் மேலும் உட்கார்ந்து போகக் கூடாது. குதிரை, வண்டி, சைக்கிள், எதுவானாலும் சரி. தோளில் துண்டு இருக்கக் கூடாது. போர்டு ஒன்றும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்தால் யாராவது அழித்துவிடலாம். எழுதாததை எதைக் கொண்டு அழிப்பது? என் அப்பன் இறங்கினான், நான் இறங்கினேன். மூச்சு விடுவதை யாராவது நினைத்து நினைத்து விடுகிறார்களா? அப்படித்தான். குதிரை ஏன் நிற்கிறது என்று லாடத்திலும் முதுகிலும் தேடியவனுக்கு இது ஞாபகத்துக்கே வரவில்லை.

செவலைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துக் கற்றுக்கொண்டது. இந்த மரத்துக்கு இந்தப் பக்கம் மனுஷன் குதிரை மேல் இருக்கமாட்டான் என்று. யார் இறங்கவேண்டும், யார் இறங்கவேண்டாம் என்கிற வித்தியாசம் மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. அதைக் குதிரைக்கு எப்படிச் சொல்லுவது? எனக்கே யாரும் விளங்கச் சொன்னதில்லை.

தரகர்தான் முதலில் சிரித்தார். "அப்ப இத்தனை நாளா சின்னையாவை..." என்று ஆரம்பித்து, மாமா முகத்தைப் பார்த்து, வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

சின்னையாவின் காது சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் செவலையின் பிடரியை விரலால் கோதிக்கொண்டு நின்றார்.

"இப்ப என்ன பண்றது வீரா?"

"எறங்காம ஒரு தடவ போகணுமுங்க. அது நின்னாலும் எறங்கக் கூடாது. அப்பத்தான் மறக்கும்."

"நானும்தான் எறங்காம பாத்தேன். மத்தியானம் பூரா உக்காந்திருந்தேனே. நவரலியே."

"அதுக்குக் கத்துக்குடுத்த ஆளு..." என்றேன். மீதியைச் சொல்லவில்லை. என் வாயில் வராது அது.

கோமதி அம்மாள் சொன்னார். "வீரா ஏறிப் போவணும். அதானே?"

மாமா குடையைத் தரையில் ஊன்றினார். "ஏ கோமதி! உள்ள போ. குதிரைக்குப் புத்தி வரணும்னு ஊரு புத்தி கெடணுமா?"

"ஊருக்கு எப்ப மாமா இருந்துச்சு, இப்பக் கெடறதுக்கு?"

"நாளைக்கு எல்லாவனும் ஏறி வருவான்!"

"வரட்டுமே. எனக்குப் பேப்பர் சீக்கிரமா வரும்."

கிணற்றடியில் யாரோ களுக் என்று சிரித்தார்கள்.

சின்னையா மாமாவைப் பார்த்தார். தரகரின் தாம்புக் கயிற்றைப் பார்த்தார். கிழிந்த வாயைப் பார்த்தார். நான் செவலையை மட்டும் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது ஒன்றுதான். அது ஜட்கா ஸ்டாண்டுக்குப் போகக் கூடாது. என்னிடம் வராவிட்டாலும் பரவாயில்லை. வைக்கோல் போர் பக்கத்தில் இருக்கட்டும். அதற்கு நான் நடக்கவேண்டுமானால் நடக்கிறேன், ஏறவேண்டுமானால் ஏறுகிறேன்.

"ஏறு வீரா," என்றார் சின்னையா.

மாமா வீட்டுக்குள் போனார். கதவுச் சத்தம் கேட்டது.

செவலையைத் தெருவுக்கு வெளியே கொண்டுபோனேன். வழக்கம்போல் துண்டு இடுப்பிலிருந்து தோளுக்குப் போனது. ஏறினேன். அங்கவடியில் கால் தானாகப் போய் உட்கார்ந்தது. மாசியில் விற்றது. அதற்கப்புறம் ஏறவில்லை. சேணத்தில் உட்கார்ந்ததும் அதன் மூச்சு என் தொடைக்குள் வந்தது. குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கு எப்படிச் சொல்ல? நம்மைவிடப் பெரிய உயிர் ஒன்று நம்மோடு சேர்ந்து மூச்சு விடும். அதுதான் சவாரி. வேகம் எல்லாம் அப்புறம்.

"போலாமா?" என்றேன். வந்தது.

வேப்பமரம் வந்தது. செவலை நின்றது.

என் கை தோளுக்குப் போனது. துண்டுக்கு. நான் போகச் சொல்லவில்லை. வலது கால் அங்கவடியிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. அதையும் நான் சொல்லவில்லை.

செவலை கழுத்தைத் திருப்பி, மூக்கால் என் முழங்காலை இடித்தது. இறங்கு என்கிறது. வழக்கம்தானே என்கிறது.

கையைத் துண்டிலிருந்து எடுத்து அதன் கழுத்தில் வைத்தேன். காலை உள்ளே விட்டேன். உதைக்கவில்லை. லகானைத் தொடவில்லை. உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. தெருவில் கதவு கதவாக ஆட்கள் வந்து நின்றார்கள். முதுகில் வேர்வை ஓடுவது தெரிந்தது.

காதைப் பின்னால் சாய்த்து அது என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் பெருமூச்சு ஒன்று விட்டது. ஒரு காலை எடுத்து வைத்தது. நின்றது. நான் இறங்கவில்லை. இன்னொரு காலை வைத்தது.

போனது.

எத்தனை வருஷமாகப் போய்வருகிற தெரு. நான் அதைப் பார்த்ததே இல்லை. மதிலுக்கு மேலே முருங்கை பூத்திருந்தது. ஒரு வீட்டு முற்றத்தில் வடகம் காய்ந்தது. ஒரு மாடியில் குழந்தையின் ஊஞ்சல். கீழே நடக்கும்போது மதில்தான் தெரியும். மேலே இருந்தால் வீடு தெரியும். இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவு இருந்திருக்கிறதே என்றும் இருந்தது.

கோமதி அம்மாளின் ஜன்னல் உயரமான ஜன்னல். அன்றைக்கு அது என் கண்ணுக்கு நேராக வந்தது. அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பேப்பர் எங்க?" என்றார்.

"சைக்கிள்ல இருக்குங்கம்மா."

"அதானே பாத்தேன்," என்றார். சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்றுகூட இல்லை அப்போது.

பிள்ளையார் கோயில் முனையில் செவலை வேகத்தைக் குறைத்தது. நிற்கவில்லை. தாண்டியது. திருப்பினேன். திரும்பவும் அதே தெரு. வேப்பமரத்தில் ஒரு கணம் யோசித்தது. அவ்வளவுதான்.

இறங்கி, லகானைச் சின்னையா கையில் கொடுத்தேன். அவர் ஏறினார். போனார். வந்தார். நிற்கவில்லை. தரகர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். நடந்தார்.

"வீரா, அப்பப்ப வந்து ஏறிப் பாத்துட்டுப் போ," என்றார் சின்னையா. நல்ல மனுஷர் என்று முன்னமே சொன்னேன். சரி என்றேன். போகமாட்டேன். விற்ற குதிரையை அடிக்கடி போய் ஏறுவது குதிரைக்கு நல்லதில்லை. ஒரு வாய்க்கு இரண்டு கை ஆகாது. ஏறினவனுக்கு நல்லதா என்று கேட்காதீர்கள்.

வாய்ப்புண் ஆற மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் போடச் சொன்னேன். ஆறும் வரை கடிவாளம் வேண்டாம் என்றேன். முள் கடிவாளத்தைச் சின்னையாவிடம் கேட்டு வாங்கிவந்து மருதையாற்றில் போட்டேன். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் நீங்களும் போடுங்கள். ஆற்றுக்கு வலிக்காது.

குதிரை நின்றால் அடிக்காதீர்கள். அது பிடிவாதம் பிடிப்பதில்லை. யாரோ கற்றுக்கொடுத்ததைச் செய்கிறது. என்ன கற்றுக்கொடுத்தோம் என்று பாருங்கள். அப்புறம் கூட உட்கார்ந்து, வேறொன்றைக் கற்றுக்கொடுங்கள்.

நேற்றுப் பேப்பர் கட்டோடு அந்த ஊருக்குப் போனேன். சைக்கிளில்தான். தூரத்திலேயே மணியை அடித்தேன். சின்னையா வீட்டுப் பின்பக்கத்திலிருந்து செவலை கனைத்தது. ஜன்னலில் கோமதி அம்மாள் நிற்பது தெரிந்தது. தெருவில் யாரும் தடுக்கவில்லை.

வேப்பமரத்தடியில் என் கால் தானாகத் தரையில் ஊன்றிவிட்டது.

செவலைக்கு ஒரு தடவை போதுமாக இருந்தது. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.